மூழ்கும் நாற்காலி

பிளாஸ்டிக் நாற்காலி தண்ணீரில் மூழ்கும் என்று யாராவது முன்பே வந்து சொல்லியிருந்தால், அக்கா அந்த ஆளை நிழலில் உட்கார வைத்து, ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து, வெயிலில் அதிகம் அலையாதீர்கள் என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பியிருப்பாள்.

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் அக்காதான். மூட்டை மூட்டையாக உடைசல் கொண்டுவந்து போடுகிற பழைய சாமான் கடைக்காரருக்கு அவளுடைய அப்பா வயது. அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். தெருமுனை நாய்கூட ஒருநாள் அவளைப் பார்த்து அப்படித்தான் குரைத்தது என்று அவள் புருஷன் சத்தியம் செய்வார். அவருடைய சத்தியத்தை யாரும் எடை போட்டு வாங்குவதில்லை. ஆனால் அவருடைய மூக்கைப் பற்றி மட்டும் ஒருவரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். ஒரு துண்டு பிளாஸ்டிக்கைத் தீக்குச்சியில் காட்டி, ஊதி அணைத்து, அந்தப் புகையை லேசாக முகர்ந்தால் போதும், அது முன்பிறவியில் வாளியா, குடமா, மருந்து பாட்டிலா என்று சொல்லிவிடுவார். பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் அடுப்பே பற்ற வைக்கவில்லை. அதற்குள் இவர் சுவர் வழியாக, "சோறு அடிப்பிடிக்கப் போகுது, பார்த்துக்க" என்று குரல் கொடுத்தார். அன்று பிடித்தது. அதிலிருந்து அவர் பெயர் மூக்கர்.

முன்னால் இரண்டு அறை வீடு. பின்னால் தகரக் கொட்டகை. நடுவில் ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக்கை உருக்கும் மெஷின் ஓடுவதால் இந்தப் பக்கம் சுவர் எப்போதும் சூடாக இருக்கும். குளிர்காலத்தில் அக்கா அதில் முதுகைச் சாய்த்துக்கொள்வாள். மழைக்காலத்தில் ஈரத்துணியை அதில்தான் ஒட்டி உலர்த்துவாள். வெயில் காலத்தில் இருவரும் அந்தச் சுவரோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்வதில்லை.

தொழில் கேட்பதற்குச் சுலபம். உடைந்த நாற்காலி, வாளி, குடம், குழாய் எல்லாம் கலந்து மூட்டையில் வரும். மெஷினில் போட்டு நகம் அளவுக்கு அரைக்க வேண்டும். அரைத்ததை இடுப்பளவு ஆழமுள்ள சிமென்ட் தொட்டியில் கொட்டி, கம்பால் கலக்கிவிட வேண்டும். நாற்காலியும் வாளியும் மிதக்கும். குழாய்த் துண்டுகள் மூழ்கும். மிதப்பதைச் சல்லடைக் கூடையால் அள்ளிக் காயவைத்து, உருக்கி, கயிறு கயிறாக இழுத்து, குருணையாக வெட்டினால் பின்தெருப் பட்டறைக்காரர்கள் வந்து வாங்கிப்போய் மறுபடியும் வாளியும் நாற்காலியுமாக ஊற்றிவிடுவார்கள். மூழ்கியது குழாய்க்காரருக்குப் போகும். இரண்டும் கலந்தால் மட்டும் ஆபத்து. ஒரு கைப்பிடி குழாய்த் துண்டு உருக்கு மெஷினுக்குள் போய்விட்டாலும் அது கறுப்பாக வாந்தி எடுக்கும். கண் எரிகிற புகை தெருவையே காலி பண்ணும்.

இந்தப் பிரிக்கிற வேலையைத் தண்ணீர் சம்பளம் வாங்காமல் செய்துகொண்டிருந்தது. ஒருநாள் காலையில் நிறுத்திக்கொண்டது.

"என்னங்க, இங்க கொஞ்சம் வாங்களேன். நாற்காலி மூழ்குது."

மூக்கர் மெஷின் பக்கத்திலிருந்தே கேட்டார். "யாரு உக்காந்திருக்கா?"

"விளையாடாதீங்க. வந்து பாருங்க."

வந்து பார்த்தார். தொட்டியின் மேல் நாலு வாளித் துண்டுகள் அநாதை மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. வெள்ளை நாற்காலித் துண்டுகள் அத்தனையும் அடியில், வெள்ளைக் குழாய்த் துண்டுகளோடு சம்பந்தி மாதிரி கலந்து கிடந்தன. அக்கா கையை விட்டு ஒரு பிடி எடுத்தாள். எது நாற்காலி, எது குழாய் என்று கண்ணுக்குத் தெரியவில்லை. மூக்கர் ஒரு துண்டைத் துடைத்து, தீக்குச்சி கிழித்துக் காட்டி முகர்ந்தார். கண்ணை மூடி யோசித்தார்.

"நாற்காலிதான். ஆனா வயித்துல என்னமோ இருக்கு."

"இதை எப்படிப் பிரிக்கிறது?"

"ஒவ்வொண்ணா கொளுத்தி மோந்து பார்க்கலாம். மூட்டைக்கு ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலை வேணும்."

விஷயம் இதுதான். ஊருக்கு வெளியே ஒரு பெரிய நாற்காலிக் கம்பெனி. புதுச் சரக்கு வாங்கி, புதிதாக நாற்காலி செய்கிறவர்கள். பின்தெருப் பட்டறைகள் அக்காவின் குருணையில் செய்த நாற்காலியைக் கம்பெனி விலைக்குப் பாதியில் விற்றன. கல்யாண மண்டபத்துக்காரர்கள் எல்லாம் பாதி விலைப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். தன்னுடைய நாற்காலியே செத்து மறுபிறவி எடுத்து வந்து தன் வியாபாரத்தைக் கெடுக்கிறது என்றால் எந்த முதலாளிக்குத் தூக்கம் வரும்? முதலில் அவர்கள், பழைய நாற்காலியைக் கொண்டுவந்தால் புதுசுக்குத் தள்ளுபடி என்று அறிவித்தார்கள். உடைசல் அக்காவின் பக்கம் வராமல் கம்பெனிக்குப் போகட்டும் என்று கணக்கு. போனது. கம்பெனிக் கொல்லையில் பழைய நாற்காலி மலையாகக் குவிந்தது. போகிற வழியில் ஒரு மேகம் அதன் உச்சியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போனதைப் பார்த்தவர்கள் உண்டு. வைக்க இடமில்லாமல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். அடுத்து வந்ததுதான் மாவு. நாற்காலிக்குள் சுண்ணாம்புக்கல் மாவைக் கலந்தார்கள். மாவு பிளாஸ்டிக்கைவிட மலிவு. நாற்காலிக்குக் கனம் வந்தது, வாங்குகிறவர்களுக்குத் திருப்தி. அந்த நாற்காலி உடைந்து உடைசலாக வந்து சேர்ந்தபோது அக்காவின் தொட்டியில் மூழ்கியது.

உடைசல் வந்துகொண்டேயிருந்தது. குருணை மட்டும் வரவில்லை. அக்கா பகல் முழுக்கத் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்து கையால் பொறுக்கினாள். துண்டை நகத்தால் கீறிப் பார்த்தாள், தரையில் போட்டுச் சத்தம் கேட்டாள். துண்டுகளின் முனை கத்தி மாதிரி, விரலெல்லாம் கீறல். சாயங்காலம் பார்த்தால் ஒரு கூடை தேறியிருக்கும். பூந்தொட்டி செய்கிற பட்டறைக்காரர் வந்து நின்றார்.

"அக்கா, மாவு கலந்ததைப் பத்தி எனக்குக் கவலையில்ல. பூந்தொட்டிக்கு கனமா இருந்தா நல்லதுதான். குழாய் கலக்காம சுத்தமா குடுங்க, எவ்வளவு வேணாலும் எடுத்துக்கறேன்."

"அதுக்குத்தாண்ணே விரலைக் குடுத்துக்கிட்டு இருக்கேன்."

"கூடைக்கணக்குல குடுத்தா நான் தேக்கரண்டிக்கணக்குல தொட்டி செய்யணும், அக்கா. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கறேன். இல்லன்னா வேற இடம்தான்."

அக்காவுக்கு ஒரு தம்பி. அவளுக்குக் கல்யாணம் ஆனபோது அரைக்கால் சட்டையோடு கூடவே வந்தவன். "கல்யாணத்துல எனக்கு வந்தது ரெண்டு பாத்திரமும் ஒரு மச்சானும்" என்பார் மூக்கர். "பாத்திரம் ரெண்டும் ஓட்டை ஆயிடுச்சு. மச்சான் பரவாயில்ல." அவன் வளர்ந்ததும் படித்ததும் இந்தக் கொட்டகையில்தான். இப்போது தனிக்குடித்தனம், மனைவி மாசமாக இருந்தாள். அவன் வேலை பார்ப்பது அந்த நாற்காலிக் கம்பெனியில். சரக்குக் கலக்கும் பிரிவுக்கு அவன்தான் பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்கா வீட்டில் சாப்பாடு. வந்தவுடன் அக்கா வாசலிலேயே அவனை நிறுத்தி, முந்தானையைத் தண்ணீரில் நனைத்து முகத்தைத் துடைத்துவிடுவாள். காது மடிப்பு, புருவம், பிடரி. "குழந்தை பொறக்கப் போகுது, இன்னும் ஒழுங்கா முகம் கழுவத் தெரியல" என்று அதட்டுவாள். சட்டையைக் கழற்றச் சொல்லித் துவைக்கப் போடுவாள். துவைத்த தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். நாற்காலித் துண்டை அரைக்கிறபோது மெஷின் வாயில் படிகிற மாவும் அதே வெளுப்புதான். முதல் தடவை பார்த்தபோதே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டி, மேலே ஒரு வாளி நல்ல தண்ணீரையும் ஊற்றிவிட்டாள். மூக்கர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று.

இப்படி நாள் ஓடிக்கொண்டிருக்கையில் பழைய இரும்பு வாங்குகிற ஒருவன் வந்து அரவை மெஷினைப் பார்த்தான். வைத்தியர் வயிற்றைத் தட்டுகிற மாதிரி அங்கங்கே தட்டிப் பார்த்தான்.

"எடைக்குத்தான் எடுக்க முடியும்."

"ஓடுற மெஷின்பா இது" என்றார் மூக்கர்.

"ஓடறதுக்கு உங்ககிட்ட என்ன இருக்கு?" என்றான் அவன். நியாயமான கேள்விதான்.

அவன் போனபிறகு அக்கா மூட்டைமேல் உட்கார்ந்தாள். ஆயிரம் உடைசலை அரைத்து உயிர் கொடுத்த மெஷின், அதுவே உடைசலாகப் போகப் போகிறது. கொட்டகைத் தகரம் வெயிலில் டப் டப்பென்று விரிந்து சத்தம் போட்டது.

"ஏங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லாமலே கோவத்துலதான் இருக்கேன். சொல்லு."

"நம்ம தம்பி மேல உங்களுக்குக் கோவம் வரக் கூடாது."

"அவன் என்ன பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணல."

"பின்ன எதுக்குக் கோவப்படணும்?"

"பண்ணியிருந்தான்னா."

மூக்கர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவன் காது மடிப்புல இருக்கிற மாவைச் சொல்றியா?"

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு இருக்கிறது மூக்கும்மா. அவன் தெருமுனை திரும்பறப்பவே எனக்கு வாசம் வந்துடும். நீ அவனை வாசல்ல நிறுத்தித் துடைப்ப. நான் உள்ள பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பேன்."

"அந்தப் பேப்பர் தலைகீழா இருந்துச்சு."

"பார்த்தியா?"

"பார்த்தேன். தூக்கக் கலக்கம்னு நினைச்சேன்." அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஏன் என்கிட்டே சொல்லல?"

"உனக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டியேன்னுதான். நீ ஏன் என்கிட்டே சொல்லல?"

"நீங்க அவனை வாசப்படி ஏற விடமாட்டீங்கன்னு."

"ஏறவிடாம? ரெண்டு பாத்திரமும் போச்சு, இருக்கிறது அவன் ஒருத்தன்தான்."

அக்கா சிரிக்கத்தான் நினைத்தாள். அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது. மூக்கர் அவள் பக்கத்தில் அதே மூட்டையில் உட்கார்ந்தார். மூட்டை ஒருபக்கம் பிதுங்கி நாலு துண்டு வெளியே விழுந்தது. இரண்டு பேரும் பழக்க தோஷத்தில் குனிந்து பொறுக்கினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தபோது முகம் செத்திருந்தது. மெஷினைப் பார்க்க ஆள் வந்த செய்தி அவன் காதுக்கு எட்டியிருந்தது. அக்கா சோறு போட்டு, மீன் வைத்து, எதிரே உட்கார்ந்தாள். மூக்கர் பேப்பரை இந்த முறை நேராகப் பிடித்திருந்தார்.

"அக்கா, அந்த மாவு என் வாயாலதான் வந்துச்சு."

"மீனைச் சாப்பிடு. ஆறிடும்."

"டீ குடிக்கிறப்ப மேனேஜர் கேட்டாரு. இந்த நாற்காலியெல்லாம் மறுபடியும் மறுபடியும் மிதந்து வந்துடுதே, என்னடா பண்றதுன்னாரு. கல்லைக் கட்டினா மூழ்கும் சார்னு விளையாட்டுக்குச் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவரு மட்டும் சிரிக்கல."

"சரி, விடு. நீ சொல்லாட்டி வேற எவனாவது சொல்லியிருப்பான்."

"வேற எவனும் தொட்டிப் பக்கத்துல வளரல, அக்கா."

மூக்கர் பேப்பரை ஒரு பக்கம் திருப்பினார்.

"மூழ்கறதுக்கு ஒரு மாத்து இருக்கு" என்றான் தம்பி, தட்டைப் பார்த்தபடி. "எங்க லேப்ல ஒருநாள் தண்ணி மாறிப்போச்சு. அப்போ பார்த்தா..."

அக்கா ஒரு கவளத்தை எடுத்து அவன் வாயில் திணித்தாள். அவன் மென்று விழுங்கிவிட்டு, "தண்ணி மாறினப்போ..." என்றான். அடுத்த கவளம் போனது.

"அக்கா, சொல்லவிடு!"

"அதைச் சொல்லலாம்னு உங்க மேனேஜர் சொல்லியிருக்காரா?"

அவன் தலையைக் குனிந்தான். "ஒரு வார்த்தைகூட வெளியே சொல்லமாட்டேன்னு அவர் கையில அடிச்சுக் குடுத்திருக்கேன்."

"அப்போ சொல்லாதே."

"உன் தொழில் போகுதுக்கா."

"தொழில் போனா வேற தொழில். உன் வேலை போச்சுன்னா அந்தப் பொண்ணு எங்க போவா? வயித்துல ஒண்ணை வச்சுக்கிட்டு? குடுத்த வாக்கை மீறிட்டு வந்தான்னு நாளைக்கு உன்னை எவன் வேலைக்கு வச்சுக்குவான்? நீ வாயைத் திறந்தா நான் காதைப் பொத்திக்குவேன். ஏங்க, நீங்களும் பொத்திக்கோங்க."

மூக்கர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, சொன்னபடியே இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

தம்பி பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான். அவன் தட்டில் மீதி வைத்தது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. அக்கா வெகுநேரம் அந்தத் தட்டை எடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, உச்சி வெயிலில், கொட்டகை வாசலில் ஒரு மூன்று சக்கர வண்டி வந்து நின்றது. வண்டி நிறைய மூட்டை. மிதித்துக்கொண்டு வந்தவன் தம்பி. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"வேலைக்குப் போகலையாடா?" என்றாள் அக்கா.

அவன் வண்டியிலிருந்து இறங்கினான். முதல் மூட்டையைத் தோளில் ஏற்றினான்.

"என்ன மச்சான், வாய்க்குப் பூட்டு போட்டுட்டாங்களா?" என்றார் மூக்கர்.

அவன் ஆமாம் என்று தலையாட்டினான். நேராகத் தொட்டிக்குப் போய் மூட்டை வாயைப் பல்லால் கிழித்து, அப்படியே தண்ணீரில் கவிழ்த்தான். வெள்ளை வெளேரென்று சரிந்தது.

"டேய்! டேய்! தொட்டியில என்னத்தடா கொட்டற? இன்னும் மாவா?"

அவன் அடுத்த மூட்டைக்குப் போனான். மூக்கர் தொட்டி ஓரத்தில் சிந்தியதை விரலால் தொட்டு முகர்ந்தார். அந்த மகா மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை. நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கல்லுப்பு" என்றார். "குழம்பு வைக்கிறதா இருந்தா ஊருக்கே ஒரு வருஷத்துக்குக் காணும்."

இரண்டாவது மூட்டை. மூன்றாவது. அக்கா அவன் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அவன் மூட்டையோடு அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனான். மூக்கருக்கு என்ன தோன்றியதோ, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மறுமுனையைப் பிடித்தார். மாமனும் மச்சானுமாக வண்டியைக் காலி செய்தார்கள். பிறகு தம்பி கம்பை எடுத்துக் கலக்க ஆரம்பித்தான். கல்லுப்பு சுலபத்தில் கரைகிற ஜாதி இல்லை. கம்பு அடியில் நறநறவென்று உரசியது. அவன் கை ஓய்ந்தபோது மூக்கர் வாங்கிக் கலக்கினார். அவர் கை ஓய்ந்தபோது, என்ன ஏது என்று தெரியாமலே, அக்கா வாங்கிக் கலக்கினாள். நறநறப்பு மெல்லக் குறைந்தது. தண்ணீர் கலங்கி, கனத்து, எண்ணெய் மாதிரி சோம்பலாகச் சுழன்றது.

கலக்குவதை நிறுத்திவிட்டு மூவரும் குனிந்து பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு ஒரு துண்டு எழுந்தது. விருந்து வீட்டில் முதலில் எழுந்துகொள்ளக் கூச்சப்படுகிறவர் மாதிரி, பாதி வழி வந்து, தயங்கி, பக்கவாட்டில் நகர்ந்து, மேலே வந்து படுத்தது. அப்புறம் அதன் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை. அடியில் கிடந்த நாற்காலிகளெல்லாம் வெள்ளையாக, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் எழுந்து வந்து தொட்டியை மூடின. குழாய்த் துண்டுகள் மட்டும் அடியிலேயே கிடந்தன.

அக்கா கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். விரல் கீறலில் உப்பு ஏறி நெருப்பாக எரிந்தது. கையை எடுக்கவில்லை.

தம்பி அப்போதுதான் வாயைத் திறந்தான். "அக்கா, நான் ஒரு வார்த்தைகூட சொல்லல."

"ஆமா" என்றார் மூக்கர். "வந்ததுலேருந்து இது ஒண்ணுதான் பேசியிருக்கான். எந்த மேனேஜர் வந்து கேட்டாலும் நான் சாட்சி சொல்றேன்."

"அவங்க தேடிக்கிட்டு வருவாங்கடா" என்றாள் அக்கா. "பூந்தொட்டிக்காரர் சரக்கு எடுத்ததும் சேதி போயிடும். யார் சொன்னதுன்னு கேப்பாங்க."

"என்னைக் கேக்கச் சொல்லு" என்றார் மூக்கர். "குழம்புல உப்பு இல்லன்னு உன்கிட்ட சண்டை போட்டேன், கோவத்துல வீட்டு உப்பையெல்லாம் தொட்டியில கொட்டிட்டேன், நாற்காலி மிதந்துடுச்சுன்னு சொல்லிடறேன்."

"வண்டி நிறைய உப்பு யார் வீட்டுல இருக்கும்?"

"சொல்றது நான். தெருவுல யாரைக் கேட்டாலும், அவரு செய்யக்கூடிய ஆள்தான்னு சொல்லுவாங்க."

தம்பி சிரித்துவிட்டான். சிரிப்பு நடுவில் எங்கேயோ உடைந்து, அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அக்கா பார்க்காத மாதிரி சல்லடைக் கூடையை எடுத்தாள்.

ஓரத்தில் நின்று அள்ளியதில் ஓரம்தான் காலியானது. நடுவில் மிதந்தது கூடைக்கு எட்டவில்லை. தம்பி சட்டையைக் கழற்றி மூட்டைமேல் போட்டுவிட்டு, நடுவிலிருந்து தள்ளிவிடுகிறேன் என்று தொட்டிக்குள் இறங்கினான். இடுப்பளவுத் தண்ணீர்தான். இரண்டு அடி வைத்தான். கால் தரையில் பாவவில்லை. குனிந்தான்; தண்ணீர் அவனை மேலே தள்ளியது. அழுத்தி உட்காரப் பார்த்தான்; கால் இரண்டும் தாமாக மேலே வந்து, ஆள் அப்படியே மல்லாக்கச் சாய்ந்தான். நாற்காலித் துண்டுகளெல்லாம் விலகி இடம் கொடுத்து, மறுபடி வந்து அவனைச் சுற்றிக்கொண்டன.

"அக்கா, மூழ்க முடியலக்கா!"

"மச்சானுக்கு மாவு கம்மி" என்றார் மூக்கர்.

அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டி விளிம்பில் முழங்காலை ஊன்றிக் குனிந்தாள். எரிகிற உள்ளங்கையை அவன் பிடரிக்குக் கீழே கொடுத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். தகரக் கூரையில் வெயில் டப்பென்று ஒரு தடவை வெடித்தது. தண்ணீரே அவனைத் தாங்கிக்கொண்டிருந்தது. அவள் கையில் ஒரு இறகு அளவுகூட அவன் கனம் இறங்கவில்லை. ஆனாலும் அக்கா கையை எடுக்கவில்லை.